லாலி ரயிலடிப் பள்ளிக்கூடம்: ஒரு கலை விமர்சகர் தமிழ் வகுப்புக்குள் நுழைந்த கதை

மதியச் சாப்பாடு முடிந்த பிறகுதான் அந்தப் பள்ளிக்கூடம் தொடங்கும். காலை முழுக்கத் தோட்ட வேலை, சமையல், துப்புரவு, மரம் வெட்டு, சுமை தூக்கு. வாத்தியாருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு அலுப்பு. கண் சொக்கும்போது முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். சின்னப் பிள்ளைகளும் மீசை அரும்பிய பையன்களும் ஒரே கூரையின் கீழ். அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் ஒரு குஜராத்தி வழக்கறிஞர். கப்பல் பயணங்களிலும் சிறையிலும் கற்றுக்கொண்ட தமிழ்தான் அவருடையது. ஜி.யு. போப் எழுதிய தமிழ்க் கையேட்டைத் தாண்டித் தாம் போனதில்லை என்று காந்தியே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரர்கள் தமிழ் கற்பதற்கென்று ஒரு பாதிரியார் எழுதிய புத்தகம், ஒரு குஜராத்தியின் வழியாக, தென்னாப்பிரிக்காவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளின் கைக்கு அகர வரிசையைக் கொண்டுவந்து சேர்த்தது.

இடம் டால்ஸ்டாய் பண்ணை. 1910 மே 30ஆம் தேதி, ஜோகன்னஸ்பர்க் கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக் தமது 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்கு வாடகையின்றிக் கொடுத்தார். நகரத்திலிருந்து 21 மைல், லாலி ரயில் நிலையத்திலிருந்து சுமார் ஒரு மைல். ஏறக்குறைய ஆயிரம் பழமரங்கள், இரண்டு கிணறுகள், ஓர் ஊற்று, மலையடிவாரத்தில் ஆறு பேர் தங்கக்கூடிய ஒரு சின்ன வீடு. 1913 தொடக்கத்தில் பண்ணை கலைந்து, எஞ்சியவர்கள் டர்பனுக்கு அருகே ஃபீனிக்ஸுக்குப் போய்விட்டார்கள். மூன்று ஆண்டுகூட நிறையாத இந்தப் பள்ளிக்குள் ஓர் ஆங்கிலேயக் கலை விமர்சகர் எப்படி வந்தார், வந்தவர் என்ன செய்தார், எதை வெளியே விட்டுவிட்டு வந்தார் என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

ஓவியத்திலிருந்து கூலிக்கு

ஜான் ரஸ்கின் (1819–1900) ஷெர்ரி மது இறக்குமதி செய்த வசதியான வணிகரின் ஒரே மகன். ஆங்கில ஓவியர் டர்னரின் ஓவியங்களைக் கேலி செய்தவர்களுக்குப் பதில் சொல்லப் புறப்பட்டு, 1843இல், 24 வயதில், 'நவீன ஓவியர்கள்' என்ற நூலின் முதல் தொகுதியை வெளியிட்டார். ஐந்தாவது தொகுதி வர 1860 ஆயிற்று. இடையில் வெனிஸ் நகரத்துக் கட்டடங்களைப் பற்றி மூன்று தொகுதிகள். அதில் 1853இல் வந்த கோதிக் என்ற இடைக்கால ஐரோப்பியக் கட்டடக் கலை பற்றிய அத்தியாயம்தான் திருப்புமுனை. கரடுமுரடாக, கோணல்மாணலாக இருக்கும் பழைய சிற்பத்தைப் பார்த்து அவர் கேட்டது அழகைப் பற்றிய கேள்வி இல்லை. இதைச் செதுக்கியவன் என்ன நிலையில் செதுக்கினான், அவனுக்குத் தன் மனம்போல் செய்ய இடம் இருந்ததா என்று கேட்டார். பிசகே இல்லாத வேலையை மனிதனிடம் கேட்டால் அவனைக் கருவியாக்கத்தான் வேண்டும், மனிதனாக வைத்திருக்க வேண்டுமென்றால் பிசகைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. ஒரு கல்லை உற்றுப் பார்த்தவருக்கு அதைச் செதுக்கிய கையும், அந்தக் கைக்குக் கிடைத்த கூலியும் தெரிந்துவிட்டன. அதன் பிறகு அவரால் பொருளாதாரம் பேசாமல் இருக்க முடியவில்லை.

1860இல் ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே ஆசிரியராக இருந்த கார்ன்ஹில் இதழில், கூலி, செல்வம், நியாயம் பற்றித் தொடர் எழுதினார். வாசகர்கள் கொதித்தார்கள், நான்கு கட்டுரைகளோடு தொடர் நின்றது. 1862இல் நூலானது. திராட்சைத் தோட்டத்தில் கடைசியாக வந்தவனுக்கும் முழுக்கூலி கொடுத்த பைபிள் கதையிலிருந்து 'கடையனுக்கும்' என்று தலைப்பு.

ரஸ்கின் வெறும் எழுத்தாளர் மட்டும் இல்லை, வாத்தியார். 1854இல் லண்டனில் தொடங்கிய தொழிலாளர் கல்லூரியில் உழைப்பாளிகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தார். 1857இல் ஓவியப் பயிற்சிக்கென்று ஒரு கையேடு எழுதினார். அரசாங்கக் கலைப் பள்ளிகளில் வடிவங்களை அச்சு மாதிரி படியெடுக்க வைத்துக்கொண்டிருந்த காலம் அது. ரஸ்கினோ தெருவில் இறங்கி ஓர் உருண்டைக் கல்லை எடுத்து வா, அதை வரை என்றார். அந்தக் கல்லை வரைய முடிந்தால் வரையத்தக்க எதையும் வரைந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அவருடைய நோக்கம் ஓவியர்களை உருவாக்குவதும் அன்று. பிள்ளை இயற்கையை நேசிக்கக் கற்றுக்கொள்வதற்காகவே ஓவியம். ஓவியம் வரைவதற்காக இயற்கையைப் பார்ப்பது அவருக்குத் தலைகீழ் வேலை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரயிலில் வந்த புத்தகம்

1904இல் ஜோகன்னஸ்பர்க் ரயில் நிலையத்தில் நண்பர் ஹென்றி போலக் 'கடையனுக்கும்' நூலைக் காந்தியின் கையில் கொடுத்தது, டர்பன் போய்ச் சேர 24 மணி நேரம் பிடித்தது, அன்றிரவு தூக்கம் வராதது, இதெல்லாம் பலமுறை சொல்லப்பட்ட கதை. காந்தி அதிலிருந்து எடுத்துக்கொண்டதாகச் சொன்னவை மூன்று: எல்லாருடைய நன்மையில்தான் ஒருவனுடைய நன்மை இருக்கிறது, வக்கீல் வேலைக்கும் நாவிதர் வேலைக்கும் மதிப்பு ஒன்றே, உழுகிறவனும் கைத்தொழில் செய்கிறவனும் வாழ்வதே வாழத்தகுந்த வாழ்க்கை. முதலாவது ஏற்கெனவே தெரியும், இரண்டாவது மங்கலாகத் தெரியும், மூன்றாவது தமக்குத் தோன்றியதே இல்லை என்றார். உடனே ஃபீனிக்ஸில் 1,000 பவுனுக்கு 100 ஏக்கர் வாங்கி, தம் பத்திரிகையான 'இந்தியன் ஒபினியன்' அச்சகத்தை அங்கே கொண்டுபோனார். நிறமோ நாடோ பார்க்காமல் எல்லாருக்கும் மாதம் மூன்று பவுன் என்று திட்டம்.

(அந்த மூன்று பவுனை இங்கே தென்னாப்பிரிக்காவில் உள்ள தமிழர்கள் வேறு விதமாகவும் அறிவார்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத கூலிகள் மீது 1895இல் டர்பனை உள்ளடக்கிய நேட்டால் குடியேற்றத்தின் அரசு விதித்த தலைவரியும் வருஷத்துக்கு மூன்று பவுன்தான். ஒப்பந்தக் கூலிக்கு முதல் வருஷச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். அந்தக் கணக்கில் ஆறு மாத உழைப்பு.)

காந்தியின் மூன்று பாடங்களில் பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் அவர் படித்த அதே நூலின் முன்னுரையில் இருக்கிறது. அரசு தன் செலவில் நாடெங்கும் பள்ளிகள் வைக்க வேண்டும், அங்கே பிள்ளைக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டியவை மூன்று என்கிறார் ரஸ்கின்: உடல்நல விதிகளும் அதற்கான பயிற்சியும், மென்மையும் நியாயமும் பழக்கமாவது, பிழைப்புக்கான தொழில். எழுத்தும் கணக்கும் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. டால்ஸ்டாய் பண்ணையின் அன்றாடத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒற்றுமை கண்ணில் அடிக்கிறது. உடலுழைப்புக்குக் காலை முழுக்க. ஒழுக்கப் பழக்கத்துக்கு, இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவப் பிள்ளைகள் ஒன்றாக உண்டு உறங்கிய வீடே பள்ளி. எல்லாரும் ஒரு கைத்தொழில் கற்க வேண்டும் என்பது எண்ணம். ஏட்டுப் படிப்புக்கு அதிகம் போனால் மூன்று பாட வேளை.

இருந்தாலும் ஒற்றுமையை வைத்தே எல்லாப் பெருமையையும் ரஸ்கினுக்குக் கொடுப்பது தவறு. பண்ணையின் பெயரிலேயே இன்னொருவர் இருக்கிறார். அவரும் ரஷ்யக் குடியானவப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். செருப்புத் தைக்கும் தொழில், பைன்டவுனுக்கு அருகே மரியன்ஹில்லில் இருந்த டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடத்தில் காலன்பாக் கற்று வந்தது. அவரிடம் கற்றுக்கொண்ட காந்தியின் கைதான் பிறகு, அவரைச் சிறையில் அடைத்த அரசின் அமைச்சர் ஜெனரல் ஸ்மட்ஸுக்கே ஒரு ஜோடி செருப்புத் தைத்துக் கொடுத்தது. வேலைக்காரர் வைத்துக்கொள்வதில்லை என்ற விதிக்குக் கொள்கை எவ்வளவு காரணமோ, கையில் காசில்லாததும் அவ்வளவு காரணம். இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவது எது? என் மதிப்பில் ஒன்றுதான்: ஆசிரியர் செய்யாத எதையும் பிள்ளைகளைச் செய்யச் சொல்வதில்லை என்ற விதி. பண்ணையில் இது எழுதப்படாத வழக்கமாக இல்லை, சொல்லி வைத்துக்கொண்ட விதியாகவே இருந்தது. எந்த வேலையிலும் ஓர் ஆசிரியர் கூட நின்று உண்மையாகவே வேலை செய்தார். வக்கீலும் நாவிதரும் சமம் என்ற இரண்டாவது பாடத்தைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தால் இப்படித்தான் வரும்.

கரும்புத் தோட்டத்துப் பேரப்பிள்ளைகள்

இங்கேதான் தமிழ் வாசகர் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பன் துறையில் நின்றது முதல், நேட்டால் தமிழனின் கையில் மண்வெட்டியும் கத்தியும்தான். உழைப்பாளியின் வாழ்வே வாழ்வு என்பது ராஜ்கோட்டிலிருந்து லண்டன் போய்ப் பாரிஸ்டர் ஆனவருக்குப் புதிய வெளிச்சமாக இருக்கலாம். தோட்டக் கூலிகளின் வரிசைக் குடியிருப்பான பேரக்ஸில் பிறந்தவனிடம் போய் அதைச் சொன்னால் சிரிப்பான். பிள்ளை மண்ணைத் தொடாமல் பிழைக்க வேண்டும் என்பதுதானே அவனுடைய கனவு?

பிள்ளைகளுக்கு வேலை கற்பிப்பதும் இங்கே புதிதில்லை. ஃபீனிக்ஸுக்கு அக்கம்பக்கத்திலேயே, இனாண்டாவில், ஜூலு தலைவர் ஜான் டூபே 1901இல் தொடங்கிய ஓஷ்லாங்கே பள்ளி இருந்தது. அமெரிக்காவில் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் நடத்திய டஸ்கீகி பள்ளியைப் பார்த்து, கைத்தொழிலோடு படிப்பு என்று அமைத்தது. அதே காலத்தில் கறுப்புப் பிள்ளைக்குக் கைவேலை போதும் என்று சொன்ன வெள்ளை அதிகாரிகளும் இருந்தார்கள். 1953இல் வந்த பாண்டு கல்விச் சட்டம் அந்த எண்ணத்தையே அரசுக் கொள்கையாக்கியது. ஆகவே உழைப்போடு கூடிய கல்வி என்ற சொற்றொடரை மட்டும் கேட்டுவிட்டுக் கைதட்டக் கூடாது. உழைக்கச் சொல்கிறவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்க வேண்டும்.

டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதாக இருந்தது மண்வெட்டி இல்லை, மண்வெட்டி பிடித்த வாத்தியார். தோட்டத்தில் சர்தார் என்ற கங்காணி நிழலில் நிற்பான், கூலி வெயிலில் வெட்டுவான். இங்கே இருவரும் வெயிலில். அதே முறை பாட வேளைக்குள்ளும் புகுந்தது. தமக்குத் தெரியாததைக் காந்தி மறைக்கவில்லை. தமிழ்ப் பேச்சில் எந்த நாளிலும் தம்மைத் தோற்கடிக்க முடியும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும் என்று எழுதுகிறார். ஆங்கிலம் தெரியாத தமிழர்கள் அவரைப் பார்க்க வந்தால் மாணவர்களே மொழிபெயர்ப்பாளர்கள். பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியாது, அவருக்கு எழுத்து தெரியும். அவருக்குப் பேச்சு வராது, பிள்ளைகளுக்கு ஓரளவு வரும். பாடப்புத்தகம் இல்லாத குறையை உணர்ந்ததே இல்லை, மாணவனுக்கு உண்மையான பாடநூல் ஆசிரியர்தான் என்றும் சொல்கிறார். கோதிக் சிற்பியின் கோணலைப் பொறுத்துக்கொள் என்ற ரஸ்கினின் வாக்கை அவர் அப்போது படித்திருந்தாரா என்பது இங்கே பொருட்டில்லை. பிசகோடு கூடிய வாத்தியார் என்ற நிலையைக் கூச்சமில்லாமல் ஏற்றுக்கொண்ட வகுப்பு அது என்பதே பொருட்டு.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்லமாட்டேன். அடங்காத ஒரு பதினேழு வயதுப் பையனைக் காந்தி ஒருமுறை ரூலரால் அடித்தார். அடிக்கும்போது தாமே நடுங்கியதாக எழுதியிருக்கிறார். அவருடைய மூத்த மகன் ஹரிலால் முறையான படிப்பு வேண்டும் என்று 1911இல் தந்தையை விட்டுப் பிரிந்து இந்தியா போனார். இந்தக் கல்வி எவருக்குப் போதவில்லை என்பதற்கு வீட்டுக்குள்ளிருந்தே வந்த சாட்சி அது. சமூகத்தின் தீர்ப்பும் ஏறக்குறைய அந்தப் பக்கமே சாய்ந்தது. இந்திய அரசின் பிரதிநிதியாக இங்கே இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி முன்னின்று பணம் திரட்ட, 1929இல் டர்பனில் எழுந்த சாஸ்திரி கல்லூரி முழுக்க முழுக்க ஏட்டுக் கல்விக்கானது. கரும்புத் தோட்டத்திலிருந்து வெளியே வந்தவர்கள் பிள்ளைகளுக்குத் தேர்ந்தது புத்தகத்தை. அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

மறு பக்கத்தில் ஒரு வரவும் உண்டு. மொரீஷியஸில் பிறந்த சத்தியாக்கிரகி தம்பி நாயுடு தம் நான்கு மகன்களைக் காந்தியின் பொறுப்பில் விட்டார். ஃபீனிக்ஸ் பிள்ளைகள் இந்தியா போய்ச் சாந்திநிகேதனில் தங்கியபோது, சமையலும் துப்புரவும் தாங்களே செய்யும் பழக்கம் அங்கேயும் தொற்றியது. 1915 மார்ச் 10 அன்று தாகூரின் மாணவர்கள் வேலையாட்களை விலக்கி எல்லா வேலையையும் ஏற்றார்கள். இன்றும் அந்த நாளைச் சாந்திநிகேதன் காந்தி நாளாகக் கொண்டாடுகிறது.

மண்வெட்டி பிடித்த இன்னொரு மாணவர்

ரஸ்கினிடம் நேரடியாகப் படித்த ஒருவரும் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் டிரான்ஸ்வாலுக்கு வந்தார். 1874இல் ஆக்ஸ்ஃபர்டில் பேராசிரியராக இருந்த ரஸ்கின், படகோட்டி வீணடிக்கும் தெம்பை உருப்படியாகச் செலவிடுங்கள் என்று மாணவர்களை ஹிங்க்ஸி கிராமத்துக்குக் கூட்டிப்போய் ரோடு போட வைத்தார். மண் வெட்டியவர்களில் ஆஸ்கார் வைல்ட் இருந்தார். ஆல்ஃப்ரட் மில்னரும் இருந்தார். ரோடு சுமார்தான் என்று பேச்சு. மில்னர் பின்னாளில், டச்சு வழிக் குடியேறிகளோடு பிரிட்டன் நடத்திய போயர் போரின் பின்னணியில் நின்று, 1901 முதல் 1905 வரை டிரான்ஸ்வாலை ஆண்டவர். 1903இல் இந்தியர்களைப் பெயர் பதிந்துகொள்ளச் சொன்னவரும் அவரே. காந்தி புத்தகத்தோடு ரயில் ஏறிய ஆண்டில் ஜோகன்னஸ்பர்க் அவர் ஆட்சியில்தான் இருந்தது.

முரண்பாடு மாணவரிடம் மட்டும் இல்லை. 1870இல் ஆக்ஸ்ஃபர்டில் ஆற்றிய முதல் பேருரையில், இங்கிலாந்து எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகக் குடியேற்றங்களை நிறுவ வேண்டும் என்று பேசியவரும் இதே ரஸ்கின். கடையனுக்கும் கூலி கேட்டவருடைய வாயிலிருந்தே அதுவும் வந்தது. ஒரு கலை விமர்சகரின் எண்ணம் கல்வியைப் பாதிக்குமா என்று கேட்டால், பாதிக்கும், ஆனால் அந்த எண்ணத்தில் எந்தப் பாதியை எடுத்தீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. மில்னர் ஆசானையே கண்ணால் பார்த்தவர், அவர் சொல்லி மண் வெட்டியவர். காந்தி நான்கு கட்டுரை மட்டுமே படித்துவிட்டு, தம் வருமானத்தையும் வீட்டையும் அச்சகத்தையும் அதற்குக் கீழே கொண்டுவந்து வைத்தார்.

வெளியே நின்ற கல்

காந்தி எடுக்காமல் விட்ட பாதியும் இருக்கிறது. பண்ணைப் பள்ளியின் பாடங்கள் என்று அவர் தன் வரலாற்றில் சொல்பவை தமிழ், இந்தி, குஜராத்தி, உருது, கொஞ்சம் சமஸ்கிருதம், ஆங்கிலம், வரலாறு, பூகோளம், கணக்கு. ஓவியம் அதில் இல்லை. ரஸ்கினின் பொருளாதாரம் உள்ளே வந்தது, ரஸ்கினின் கண் வெளியே நின்றுவிட்டது. ஆனால் அதே நூலின் தொடக்க அத்தியாயம் ஒன்றில், தம் கையெழுத்து மோசம் என்று வருந்தும் இடத்தில், தென்னாப்பிரிக்காவில் பிறந்து படித்த இளைஞர்களின் அழகான கையெழுத்தைப் பார்த்து வெட்கப்பட்டதாகச் சொல்லிவிட்டு, பிள்ளை பூவையும் பறவையையும் பார்ப்பதுபோல் எழுத்தைப் பார்த்துப் பழகட்டும், பொருள்களை வரையக் கற்ற பிறகே எழுதக் கற்கட்டும் என்கிறார். ரஸ்கின் படித்திருந்தால் தலையசைத்திருப்பார். 1937இல் வார்தா மாநாட்டுக்குப் பிறகு ஜாகிர் உசேன் குழு வகுத்த ஆதாரக் கல்விப் பாடத்திட்டத்தில் ஓவியத்துக்கு இடம் கிடைத்தது.

எங்கள் ஊர் டர்பனில் வெர்னாகுலர் என்று சொல்லும் தாய்மொழி வகுப்புகளில் ஓவியம் இன்னும் நுழையவில்லை. நான் சனிக்கிழமைகளில் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் தமிழ் நடத்துகிறேன். டால்ஸ்டாய் பண்ணைப் பிள்ளைகளுக்காவது பேச்சு வந்தது. இவர்களுக்கு வீட்டு மொழியே ஆங்கிலம். 1996 அரசியல் சட்டம் மதித்துப் போற்றச் சொல்லும் மொழிகளில் தமிழைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது, பிள்ளைகளோ எய்ஸ்டெட்ஃபாட் என்ற கலைப் போட்டி மேடைக்காகப் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். அதனால் ரஸ்கினின் கல்லை வகுப்புக்குள் கொண்டுவந்து பார்த்தேன். ஆளுக்கொரு கல், ஒரு பென்சில், இருபது நிமிஷம். நானும் உட்கார்ந்து வரைய வேண்டும் என்பது விதி. வரைந்த பிறகு பார்த்ததைத் தமிழில் சொல்ல வேண்டும்.

கல் என்ற ஒரு சொல் எல்லாருக்கும் தெரியும். படத்தைக் காட்டி மேலே சொல் என்றால்தான் திண்டாட்டம். உள்ளே வாங்கியிருக்கிறதே இதற்கு என்ன ஆன்ட்டி, இந்தக் கோடு மாதிரி வெடித்திருக்கிறதே இதற்கு என்ன என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள். குழி, கீறல், விளிம்பு, சொரசொரப்பு, நிழல் என்று ஒவ்வொன்றாகச் சொல் போய்ச் சேரும். கேட்டு வாங்கின சொல்லை அடுத்த வாரம் மறப்பதில்லை, கரும்பலகையில் எழுதிப் போட்ட சொற்களைத்தான் மறக்கிறார்கள். ஒரு பையன் மண்டபத்து வாசலில் நிற்கும் சிரிங்கா மரத்தின் இலையைக் கறிவேப்பிலை பக்கத்தில் வைத்து வரைந்துவிட்டு, முன்னதன் ஓரம் ரம்பம் மாதிரி இருக்கிறது என்று தமிழிலேயே சொன்னான். இதை முறையான ஆய்வு என்று நான் காட்ட வரவில்லை. ஒரு மண்டபம், ஒரு வகுப்பு, அவ்வளவுதான்.

பெற்றோர் ஒன்றும் சொல்லவில்லை. ஓர் ஆயாதான் பேத்தியைக் கூப்பிட வந்தபோது மேசையில் கிடந்த கற்களைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஏம்மா டீச்சர், கல்லு வரையவா புள்ளைய அனுப்பினேன்? ஒரு தேவாரம் பாட வந்தா போதும் எனக்கு."

"தேவாரமும் உண்டு ஆயா. இது அரை மணி, மிச்சம் அதுக்குத்தான்."

"அப்ப தேவாரம் முதல்ல. கல்லு எங்கயும் ஓடிப் போயிடாது."

அவர் சொன்னபடியே மாற்றிவிட்டோம். இப்போது முதலில் தேவாரம், பிறகு எழுத்து, கடைசி அரை மணி கல்லுக்கும் இலைக்கும்.